தேடலில் கரையும் நேரம்

2017 நவம்பர் 29 காலை, இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலை எட்டரை மணிக்கெல்லாம் அது குமரிக்கடலில் புயலாகிவிட்டது. ‘ஒக்கி’ என்ற பெயரோடு அறிவிப்பு வெளியானபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்துகொண்டிருந்தன. வங்கக் கடலில் பிறக்கும் புயல்களில் பெரும்பாலானவை கரையைத் தொடுமுன் மூன்று நான்கு நாள் அவகாசம் தருபவை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவது, ஆட்சியர் கூட்டம் போடுவது, படகுகளை மேட்டில் ஏற்றுவது எல்லாம் அந்த அவகாசத்தை நம்பி அமைந்த பழக்கங்கள். ஒக்கி தந்தது ஒரே இரவு. அது குமரிக் கரைக்கும் வரவில்லை. குமரிமுனைக்குத் தெற்கே கடலிலேயே கடந்து, லட்சத்தீவுப் பக்கம் போய் மணிக்கு 150 கிலோமீட்டரை எட்டிய காற்றோடு மிகத் தீவிரப் புயலாக வலுத்து, டிசம்பர் 5 இரவு குஜராத்தின் தென்கரையை அடைந்தபோதுதான் ஓய்ந்தது. அந்தப் பாதை நெடுகிலும் மீனவர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள்.

வானிலை ஆய்வுத் துறை 29ஆம் தேதியே மீனவர்களை எச்சரித்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்பது அதன் சாரம். கரையில் நிற்பவனுக்கு அது போதும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய கன்னியாகுமரி மாவட்டத்து எட்டு ஊர்க்காரர்கள் கரையில் இல்லை. சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் தூண்டில் போடுவதில் இந்த ஊர்களுக்கு இணையானவர்கள் இந்தியாவிலேயே குறைவு. ஐஸும் டீசலும் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் கொச்சிப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டால், ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்துத்தான் திரும்புவார்கள். புயல் பிறந்த நாளில் அவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். போகாதே என்ற செய்தி, போய்ப் பல நாளானவர்களுக்கு என்ன செய்யும்? அந்தச் செய்தியும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

அந்த டிசம்பர் முழுக்க எண்ணிக்கையைப் பற்றிய சண்டையே நடந்தது. டிசம்பர் 20 வரை 845 மீனவர்கள் மீட்கப்பட்டதாகவும், அவர்களில் தமிழ்நாட்டார் 453 பேர், கேரளத்தார் 362 பேர், லட்சத்தீவு, மினிக்காய்ப் பகுதியினர் 30 பேர் என்றும் பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் தெரிவித்தார். அதே நேரத்தில் 661 பேரைக் காணவில்லை. தமிழ்நாட்டில் 400, கேரளத்தில் 261. பின்னர் பலர் தொலைவான துறைமுகங்களில் கரையேறியது தெரியவந்து அந்தத் தொகை இறங்கியது. ஆனால் மூன்று வாரம் கழித்தும் யார் கடலில் இருந்தார்கள், யார் கரையேறினார்கள் என்று அரசால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெயர்ப் பட்டியலை எழுதி வைத்திருந்தவர்கள் பங்குத்தந்தையரும் ஊர்க் குழுக்களும்தான். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, காணாமல் போனவர்களை இன்னும் தள்ளிப் போய்த் தேடுங்கள் என்று கேட்டுத்தான். நிவாரணத் தொகை அவர்களுடைய முதல் கோரிக்கையாக இருக்கவில்லை.

அவர்கள் கேட்டது சரியானதையே. கடல் மீட்பைப் பற்றி எழுதப்படுவனவற்றில் ஹெலிகாப்டரும் கயிறும் வீரமும் நிறைய இடம் பிடிக்கின்றன. ஓர் ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்க ஆகும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள். அந்த ஆள் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிப்பதில்தான் மணிகளும் நாள்களும் போகின்றன. தேடலைச் சுருக்கும் எதுவும் மீட்புதான்; தேடலை நீட்டும் எதுவும் உயிரை எடுப்பதுதான். ஒக்கிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தத் துறையில் செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் இந்த ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கு எளிது. எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தத் திசையில் இழுக்கும் என்று தெரியாத நிலையில், மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் அது நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கழித்து அது 44 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,200 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். மூன்றாம் நாள் அது ஒன்பது மடங்காகி 55,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். புயலில் நகர்வு இதைவிட வேகமாகவே இருக்கும். அந்தப் பரப்பில் தேட வேண்டியது நீரின் மேல் சாண் உயரம் தெரியும் ஒரு மனிதத் தலை, அல்லது கவிழ்ந்த படகின் அடிப்பாகம். அலை நுரைத்துக் கிடக்கும் கடலில் விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளை ஃபைபர் படகும் நுரையும் ஒன்றாகவே தெரியும்.

இந்தக் கணக்கைக் குறுக்கக் கருவிகள் உண்டு. ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ‘சரட்’ என்ற கணினிக் கருவியை வைத்திருக்கிறது. கடைசியாகத் தெரிந்த இடம், நேரம், பொருளின் வகை ஆகியவற்றைக் கொடுத்தால், காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு எங்கே தேடுவது நல்லது என்று வரைந்து காட்டும். ஆளின் நகர்வு வேறு, கவிழ்ந்த படகின் நகர்வு வேறு என்பதையும் அது அறியும். ஆனால் அதற்கும் தொடக்கப் புள்ளி ஒன்று வேண்டும். ஒக்கியில் பெரும்பாலான படகுகளுக்குக் கடைசியாகத் தெரிந்த இடம் என்பதே இல்லை. அவர்கள் கடைசியாகப் பேசியது அருகே தொழில் செய்த இன்னொரு படகோடு, வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில். படகுக்குப் படகு அது குறுகிய தொலைவுக்கே எட்டும். அந்தப் படகும் அதே புயலில்தான் இருந்தது.

நான் இதை எழுதுவது வல்லக்கோட்டையிலிருந்து. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு நடுவே முருகன் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர் இது. கோவளம் கடற்கரை இங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கு உள்ளாகவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் உருவாகும் கைப்பேசிகள் உலகமெங்கும் போகின்றன. அதே கைப்பேசி கரையை விட்டுச் சில பத்து கிலோமீட்டர் போனதும் கோபுரம் எட்டாமல் நின்றுவிடும். அதற்கு அப்பால் பேச வேண்டுமானால் செயற்கைக்கோள்தான் வழி. இவ்வளவு மின்னணுத் திறன் குவிந்திருக்கும் மாநிலத்தில், ஆழ்கடல் மீனவனின் கையில் இரு வழியில் பேசும் கருவி 2017இல் ஏன் இல்லை என்ற கேள்வி, இந்தத் தொழிற்சாலைகளைத் தினமும் கடந்து போகும் என்னை விடாமல் உறுத்துகிறது.

கருவியே இல்லாமல் இருந்ததில்லை. 2010 முதல் இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துக் கால அலைபரப்பி புழக்கத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே செய்தி கரையை அடையும். கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். அதில் ஒரு பெருங்குறை இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவனுக்குத் தெரியாது. இருட்டில், படகில் தண்ணீர் ஏறும் நேரத்தில், பதில் வராத பொத்தானை எத்தனை நேரம் நம்புவான்? யாருக்கும் கேட்கவில்லை என்று நினைப்பவன் படகை விட்டு நீந்த முனைவான். வருகிறார்கள் என்று தெரிந்தவன் கவிழ்ந்த படகையாவது பிடித்துக்கொண்டு கிடப்பான். படகோடு இருப்பவன் கண்ணில் படுவான், தனி ஆள் படமாட்டான். இந்த வேறுபாடு உயிர்களை முடிவு செய்கிறது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்துவிட்டது என்று திருப்பிச் சொல்கிறது. பதினான்கு ஆண்டு தாமதமானாலும் இதை மிக முக்கியமான முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

இடைப்பட்ட ஆண்டுகளில் எதிர்த்திசையில் பேசும் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான ‘ஜெமினி’, ககன் செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் ப்ளூடூத்தில் கைப்பேசிக்குத் தரும். நாவிக் செய்திக் கருவியும் அப்படியே. கரையிலிருந்து கடலுக்கு மட்டும் செய்தி போகும். மீனவன் மறுமொழி சொல்ல முடியாது. ஒக்கியில் எச்சரிக்கை போய்ச் சேராத குறையை இவை ஓரளவு தீர்த்தன. வானிலைத் துறையும் ஆழ்கடலைச் சேர்த்து ஐந்து நாளுக்கு முன்கூட்டியே மீனவர் எச்சரிக்கையை வரைபடத்தோடு தருகிறது. ஒக்கிக்கு அடுத்த ஆண்டே, 2018 நவம்பரில், கஜா புயலுக்கு முன் படகுகளைக் கரைக்கு அழைக்க நேரம் கிடைத்தது. கஜா கரையில் பேரழிவு செய்தது. ஆனால் ஒக்கியைப் போலக் கடலில் நூற்றுக்கணக்கானோரைத் தொலைக்கவில்லை. மெதுவாக வந்த புயல் என்பது அதற்கு ஒரு காரணம். பாடம் கற்றதும் ஒரு காரணம்.

2024 ஆகஸ்ட் 30 அன்று மராட்டியத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம், ஒரு லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துவதை இலக்காக வைத்திருக்கிறது. படகின் இடம் கரைக்குத் தெரியும். இரு பக்கமும் சிறு செய்தி அனுப்பலாம். தேடலின் தொடக்கப் புள்ளி இதனால் கிடைக்கிறது. மீனவர்களுக்குள் ஒரு தயக்கமும் உண்டு: மீன் கிடைக்கும் இடம் ரகசியம், எல்லைப் பிரச்சினை உள்ள கடலில் அரசு தன்னைக் கண்காணிக்கிறது என்ற எண்ணமும் சேர்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. இடத் தகவலை யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் உறுதி கொடுத்தால்தான் கருவி அணைக்கப்படாமல் இருக்கும்.

இடம் தெரிந்தால் புயலின் நடுவிலும் ஆட்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு 2021 மே மாதமே சான்று. தவுக்தே புயலில் மும்பைக்கு மேற்கே எண்ணெய் வயல் பகுதியில் நங்கூரம் அறுந்த பி-305 என்ற மிதவைக் கப்பலில் 261 பேர் இருந்தார்கள். அது மே 17 அன்று மூழ்கியது. ஐ.என்.எஸ். கொச்சி உள்ளிட்ட கடற்படைக் கப்பல்கள் இரவோடிரவாகத் தண்ணீரிலிருந்து ஆட்களை எடுத்தன. 186 பேர் பிழைத்தார்கள். எஞ்சியோரின் சாவு, எச்சரிக்கை வந்த பிறகும் கப்பலை அங்கேயே நிறுத்தியதன் விளைவு. அது தனி விசாரணைக்குரியது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது கடற்படைக்குத் தெரிந்திருந்தது. ஒக்கியில் சிக்கிய ஆழ்கடல் விசைப்படகுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

கண்டுபிடித்த பின் நடப்பதும் எளிதில்லை. பெரிய கப்பல் சிறிய படகை அணுகும்போது காற்று வரும் பக்கமாக நின்று, தன் உடலால் அலையை மறைத்து, மறைவில் படகை வைத்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து மீட்டர் அலையில் இரண்டும் ஒரே சமயத்தில் ஏறி இறங்குவதில்லை. கப்பலின் இரும்புச் சுவரில் மோதி உடையும் படகுகள் உண்டு. வலை ஏணியில் தாவ வேண்டியவன் இரண்டு நாள் தூங்காதவன், உப்புத்தண்ணீர் குடித்தவன். இழுத்துவரக் கட்டும் வடம் அலையில் தொய்ந்து திடீரென்று விறைக்கும்போது அணியத்தையே பிய்த்துவிடும். ஹெலிகாப்டருக்கு எரிபொருள் எல்லை இருக்கிறது. ஆழ்கடல் படகுகள் பல அதற்கு வெளியே தொழில் செய்கின்றன. டோர்னியர் விமானம் வெகுதூரம் போகும், மிதவையைப் போடும், ஆளைத் தூக்காது. கன்னியாகுமரிக் கரையில் ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்று கடலோர ஊர்கள் கேட்டுவருவது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீட்க வந்தவர்களோடு போக மறுக்கும் மீனவர்கள் உண்டு. காவல்படையின் கடமை உயிரைக் காப்பது; படகை இழுத்துவருவது முடிந்தால்தான். படகோ பல பத்து லட்ச ரூபாய்க் கடன், பல பங்காளிகளின் முதல். அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தால் கரையில் வட்டி காத்திருக்கும். முழுமையான, எளிதில் கிடைக்கும் படகுக் காப்பீடு இருந்தால், அந்த மனிதன் ஏணியைப் பிடிக்கத் தயங்கமாட்டான். மீட்புச் செலவுக் கணக்கில் காப்பீட்டை யாரும் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன்.

ஒக்கியில் உயிர் பிழைத்தவர்களை யார் காப்பாற்றினார்கள் என்று பார்த்தால், கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை ஆகியவற்றோடு வேறு சிலரும் வருகிறார்கள். திருவனந்தபுரம் கடலுக்கு அப்பால் ஒரு ஜப்பானியச் சரக்குக் கப்பல் அறுபது பேரளவில் ஏற்றிக்கொண்டது. ஆபத்திலிருப்பவரை நோக்கித் திரும்புவது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974 சோலாஸ் உடன்படிக்கைப்படி கப்பல் தலைவனின் கடமை. 68 படகுகளில் 952 மீனவர்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு மராட்டியத்தின் சிந்துதுர்க் கரையில் ஏறினார்கள். ஒருவரையொருவர் கயிறு கட்டி இழுத்துவந்த படகுகளும், கரையிலிருந்து தங்கள் ஆட்களைத் தேடிக் கிளம்பிய படகுகளும் இருந்தன. அரசுக் கப்பல் தேடும் இடம் தவறு, எங்களை ஏற்றிக்கொள்ளுங்கள், காட்டுகிறோம் என்று மீனவர்கள் மன்றாடியதும், சில நாள் கழித்து அவர்களை ஏற்றிக்கொண்டு தேடல் நடந்ததும் அந்த டிசம்பரின் செய்திகள். எந்தப் பருவத்தில் எந்த மடையில் தூண்டில் விழும், கச்சான் காற்று அடித்தால் அங்கிருந்து படகு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்ற அறிவு வேறெந்தக் கருவியிலும் இல்லை. முதல் மணி நேரத்திலேயே அந்த அறிவைக் கப்பலில் ஏற்றியிருக்க வேண்டும்.

கடல் மனிதர்களின் மீட்புத் திறனை உள்நாட்டுக்காரர்களாகிய நாங்கள் நேரில் கண்டவர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, எங்களுக்குக் கிழக்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கியவற்றில் மீனவர் படகுகளும் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரிகளில் வள்ளங்களை ஏற்றிவந்து பல்லாயிரம் பேரைக் காத்தார்கள். ஒக்கியில் சொந்தக்காரர்களை இழந்து ஓராண்டு ஆகாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையிலும் அதே கதை.

இந்தத் திறனை முறையாக அமைப்புக்குள் கொண்டுவர முடியும். பிரிட்டனில் 1824இல் தொடங்கிய அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் பெரும்பாலும் கடலோர ஊர்த் தன்னார்வலர்களால் ஓடுகிறது. ஒரு காலத்தில் மீனவர்களே அதன் முதுகெலும்பு. 1981 டிசம்பர் 19 இரவு, எஞ்சின் நின்ற ஒரு சரக்குக் கப்பலைக் காப்பாற்றப் போன பென்லீ உயிர்காப்புப் படகின் எட்டுப் பேரும் மாண்டார்கள். மவுஸல் என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அடுத்த குழுவுக்கு அதே ஊரில் ஆள் சேர்ந்தது. அவர்களுக்குப் படகும் பயிற்சியும் இருந்தன. செத்தால் குடும்பத்துக்கு ஏற்பாடும் இருந்தது. கேரளம் ஒக்கிக்குப் பின் மீனவக் குடும்பத்து இளைஞர்களைக் கடலோரக் காவலர்களாகச் சேர்த்தது. தமிழ்நாட்டிலும் மீனவ இளைஞர்கள் கடலோர ஊர்க்காவல் படையில் எடுக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் புயலில் இறங்கக்கூடிய படகு வேண்டும். ரோந்துப் படகும் மீட்புப் படகும் ஒன்றல்ல. கவிழ்ந்தால் தானே நிமிரும் படகு ஒன்று குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ நின்றால் அதன் பெறுமதி பெரியது.

கடைசியாக, ஆள் கணக்கு. ஒரகடத்துத் தொழிற்சாலை எதுவாக இருந்தாலும், ஷிப்டுக்கு உள்ளே போகும் ஒவ்வொருவரும் வாயிலில் அட்டையைத் தேய்க்கிறார்கள். தீ மணி அடித்தால் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி எண்ணப்பட வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் யார் என்று தெரியும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். ஆழ்கடலுக்குப் போகும் படகுக்கு அந்த வாயில் இல்லை. தமிழ்நாட்டு ஊர்க்காரர் கேரளப் பதிவுள்ள படகில் போகிறார். அவரோடு அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞர் வேலைக்கு ஏறுகிறார். படகு மராட்டியக் கடலில் தூண்டில் போடுகிறது. எந்த மாநிலத்தின் ஏட்டில் இவர்கள் பெயர் இருக்கும்? தூத்தூருக்குப் பங்குத்தந்தை பட்டியல் எழுதினார். வெளிமாநிலத்து இளைஞருக்குப் பட்டியல் எழுத இங்கே ஊர் இல்லை. உடல் கிடைக்காதவரின் குடும்பம் நிவாரணம் கேட்க, அவர் அந்தப் படகில் ஏறினார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் விசைப்படகு புறப்படுமுன் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தச் சீட்டு எந்தத் துறைமுகத்தில் வாங்கினாலும் எல்லாக் கடலோர மாநிலங்களின் மீட்பு மையங்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். படகின் எண்ணோடு, ஏறியிருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் வீட்டுத் தொலைபேசியும் அதில் இருக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டருக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்குதான் இதற்கு ஆகும்.